அம்மம்மாவின் நகைப்பெட்டி: சில கேள்விகள், பதில்கள்

பழைய நகையைக் கையில் எடுத்தால் நான் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு விடை நகையின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

அம்மம்மாவின் காசுமாலையில் விக்டோரியா ராணி தலை போட்ட பவுண் காசுகள் இருக்கின்றன. ஒன்றில் 1895 என்று தெரிகிறது. மாலையும் அந்த வருஷத்ததுதானா? (வெள்ளவத்தை)

1895க்கு முந்தியது இல்லை என்று மட்டும் சொல்லலாம். காசைச் சேர்த்து வைத்திருந்து, மகளுக்குக் கலியாணம் பேசும்போது தட்டாரிடம் கொடுப்பது நம்மவர் வழக்கம். அதனால் எல்லாக் காசையும் பாருங்கள். ஆகப் பிந்திய ஆண்டுதான் கணக்கு. ஆண்டு தேய்ந்திருந்தால் ராணியின் தலையே சொல்லும்: 1887 வரை இளம் தலை, பிறகு சின்னக் கிரீடம், 1893 முதல் முக்காடு. பின்பக்கம் குதிரையின் காலடியில், ஆண்டுக்கு மேலே, காசு அடித்த ஊரைச் சொல்லும் ஒரு குட்டி எழுத்து இருக்கிறதா? ‘எஸ்’ என்றால் சிட்னி, ‘எம்’ என்றால் மெல்பேர்ண். ‘ஐ’ என்றால் பம்பாய். அங்கே 1918இல் மட்டும்தான் அடித்தார்கள். நாம் 8 கிராமை ஒரு பவுண் என்பதும் இந்தக் காசின் உபயம்தான். அதன் சரியான எடை 7.988 கிராம், 22 கரட்.

வளையம் ஒட்டிய காசுக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை தர மாட்டார்கள். அதற்காக மாலையைப் பிரிக்காதீர்கள்.

ஒரு புரூச்சில் ‘15’ என்றும் ‘.625’ என்றும் முத்திரை. கடையில் மட்டத் தங்கம் என்கிறார்கள். (தெஹிவளை)

22 கரட் பழகிய கண்ணுக்கு அது மட்டம்தான். ஆனால் பிரித்தானியாவில் 15 கரட் முத்திரை 1854 முதல் 1932 வரைதான் இருந்தது. உங்கள் புரூச்சுக்கு அந்த இரண்டு எண்களே பிறப்புச் சான்றிதழ். உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

செட்டியார் தெருவில் ‘ஆன்டிக் செட்’ ஒன்று பார்த்தோம். எத்தனை வருஷப் பழசு இருக்கும்? (பம்பலப்பிட்டி)

போன மாதத்ததாக இருக்கலாம்! கோயில் நகை மாதிரி செய்து, பளபளப்பைக் குறைத்துக் கறுப்பேற்றிய வேலைக்குத்தான் கடைகளில் அந்தப் பெயர். அழகுதான், வாங்குங்கள். தங்கத்துக்கும் கூலிக்கும் மட்டும் காசு கொடுங்கள், வயதுக்குக் கொடுக்காதீர்கள்.

அப்பப்பா 1930களில் வாங்கிய மோதிரம். நடுவில் வைரம், சுற்றிச் சதுரமாக வெட்டிய நீலங்கள். சோதித்தால் நீலம் செயற்கைக் கல்லாம். அப்பப்பாவை ஏமாற்றிவிட்டார்களா? (கொட்டாஞ்சேனை)

இரத்தினபுரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செயற்கை நீலமா என்று மனம் வலிக்கும். ஆனாலும் அவசரப்படாதீர்கள். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் தீச்சுடரில் கெம்பு வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். சில வருஷங்களில் நீலமும் வந்துவிட்டது. 1925 பாரிஸ் கண்காட்சியால் பெயர் பெற்ற ஆர்ட் டெக்கோ பாணிக்கு, இடைவெளி தெரியாமல் வரிசையாகப் பதிக்க ஒரே நிறத்தில் ஒரே அளவுச் சின்னக் கற்கள் வேண்டும். இயற்கைக் கல்லில் அப்படிப் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. அதனால் நல்ல பட்டறைகளும் நிஜ வைரத்துக்குப் பக்கத்தில் செயற்கை நீலத்தைப் பதித்தன.

லென்ஸில் பார்த்தால் செயற்கைக் கல்லுக்குள் கிராமபோன் தட்டின் கோடுகள்போல வளைந்த கோடுகள் தெரியும். இயற்கைக் கல்லில் கோடு நேராக ஓடும். நீங்கள் பார்க்க வேண்டியது இன்னொன்று: எல்லா நீலங்களின் விளிம்பும் ஒரேயளவு தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் கற்களும் மோதிரமும் ஒரே காலத்தவை என்று பெரும்பாலும் நம்பலாம். ஒன்றிரண்டு மட்டும் புதுக்கூர்மையோடு இருந்தால், பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்தக் குற்றத்தை அப்பப்பா காலத்துக் கடைக்காரர் தலையில் போடக்கூடாது.

‘புளூ ஜாகர்’ ஏழுகல் தோடு. மினுக்கம் குறைவு, புதிதாக வெட்டினால் என்ன? (வெள்ளவத்தை, இன்னொருவர்)

வேண்டாம். ஜாகர் என்பது தென்னாபிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டெய்ன் சுரங்கம். அங்கே 1870இல் வைரம் கிடைத்தது. அந்தப் பெயர் உண்மையானால் கல் அதற்குப் பிந்தியதுதான். ஆனால் நீலம் அடிக்கும் எந்த வைரத்தையும் அப்படிச் சொல்லி விற்றவர்களும் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது நடுவில் குட்டி வட்டம் தெரிந்தால் பழைய வெட்டு. அது விளக்கு வெளிச்சத்துக்கு வெட்டிய கல், குழல்விளக்கின் கீழே சோம்பித்தான் கிடக்கும். திரும்ப வெட்டினால் எடையும் போகும், வயதும் போகும். முதலில் அழுக்கை எடுத்துப் பாருங்கள். ஆனால் கல்லைப் பதித்த கட்டடம் பின்பக்கம் மூடியிருந்தால் தண்ணீரில் போடாதீர்கள். கல்லுக்கு அடியில் தகடு வைத்திருந்தால் ஈரம் பட்டுக் கறுத்துவிடும்.