ஆடிப்பட்டத்துக்குக் கேட்ட விதை ஆவணியில் வந்தால்

கேள்வி: மாடித் தோட்டத்துக்காக ஆனி மாதக் கடைசியில், சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் ஒரு விதைக் கடையில் கத்தரி, புடலை, வெண்டை என ஆறு பாக்கெட்டுகளுக்கு 640 ரூபாய் கட்டினேன். ஏழு நாளில் வரும் என்று போட்டிருந்தார்கள். ஆவணி பாதியில்தான் கூரியர் வந்தது. வெண்டைப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்த விதைப்புக் கெடுவும் ஜூனிலேயே முடிந்துவிட்டது. அன்றே வாட்ஸ்அப்பில் பணத்தைக் கேட்டேன். “சீசனில் ஆர்டர் குவிந்துவிட்டது, விதையைத் திரும்ப எடுப்பதில்லை” என்கிறார்கள். வழி உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, குறையுள்ள பொருளையோ, அறிவித்த கெடு தாண்டி வந்து சேர்ந்த பொருளையோ திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு உரிமை இல்லை. ஆகவே “திரும்ப எடுப்பதில்லை” என்று அவர்களே எழுதி வைத்துக்கொண்ட நிபந்தனை இங்கே செல்லாது. தாமதத்துக்கு மட்டும், மனித சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் விலக்கு உண்டு. வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டிருந்தால் அப்படி வாதிடலாம். ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஆடிப்பட்டத்தில் விதைக்குக் கிராக்கி ஏறுவதை விதை வியாபாரியே எதிர்பார்க்கவில்லை என்றால், அதை எந்த நுகர்வோர் ஆணையமும் ஏற்காது என்பது என் கருத்து.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 55-ஆம் பிரிவு இதில் முக்கியமானது. காலமே உயிராக உள்ள ஒப்பந்தத்தில், கெடு தாண்டி வந்த சரக்கை மறுப்பின்றி வாங்கிக்கொண்டவர், வாங்கும்போதே இழப்பீடு கோரப்போவதாகத் தெரிவிக்காவிட்டால், தாமதத்துக்காகப் பின்னர் இழப்பீடு கேட்க முடியாது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பழமொழியே இருக்கும் ஊரில், விதைக்குக் காலம் முக்கியம் என்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. பார்சல் வந்த அன்றே நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி உங்களுக்குப் பெரிய துணை, அதை அழித்துவிடாதீர்கள்.

வெண்டை விதையின் கதை வேறு. அங்கே தாமதத்தைப் பற்றிய வாதமே தேவையில்லை; கெடு முடிந்த விதையை அனுப்பியதே குறைபாடு. அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமல், கூரியர் உறையோடு சேர்த்து வையுங்கள். ஈரத் துணியில் பத்து விதையை முடிந்து முளைக்கவில்லை என்று படம் எடுப்பது சாட்சியமாக அதிகம் எடுபடாது. தேவையானால் ஆணையமே விதையை ஆய்வகத்துக்கு அனுப்பும். மாவட்ட விதை ஆய்வாளரிடமும் தனியாகப் புகார் தரலாம்; ஆனால் அவர் எடுக்கும் நடவடிக்கையால் உங்கள் பணம் திரும்பி வராது. விதைச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கூடாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கிலேயே நிராகரித்துவிட்டது.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

காய்க்காமல் போன காய்களுக்கும் கணக்குப் போட்டுக் கேட்காதீர்கள். மாடித் தோட்ட விளைச்சலுக்கு ஆதாரம் காட்டுவது கடினம். 640 ரூபாய், கூரியர் செலவு, அலைச்சலுக்கு மிதமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் மனு வலுவாக நிற்கும்.