350 எஃப்பிஎஸ் எண்டா லீகலா? லெஸ்டரில படிக்கிற மகன்ர ஏர்சாஃப்ட் துப்பாக்கி பற்றி ஒரு கேள்வி

வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா. மகன் இங்கிலாந்தில, லெஸ்டரில படிக்கிறார். கூட்டாளிமாரோட ஏர்சாஃப்ட் (சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடுற துப்பாக்கியால ஆடுற சண்டை விளையாட்டு) விளையாடப் போய்ப் பழகி, இப்ப செகண்ட் ஹாண்டில எம்4 எண்ட ஆமித் துப்பாக்கி மாதிரி ஒண்டு சொந்தமா வாங்கிட்டாராம். வித்தவர் குண்டின்ர வேகம் "350 எஃப்பிஎஸ்தான், லீகல்" எண்டு சொல்லியிருக்கிறார், ஆனா ரூமில இருக்கிற மற்றப் பெடியன் "330க்கு மேல போனா பொலிஸ் பிடிக்கும்" எண்டு வெருட்டுறானாம். இதுக்குள்ள டிசம்பர் லீவுக்கு வரேக்க தம்பிக்குக் காட்டக் கொண்டு வாறன் எண்டும் மகன் சொல்லுறாராம். ஆர் சொல்லுறது சரி, கொண்டு வரலாமா எண்டு கேக்கிறா.

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறன். கொண்டு வர வேண்டாம் எண்டு இண்டைக்கே போன் எடுத்துச் சொல்லுங்க. ஏன் எண்டு பிறகு எழுதுறன். நான் அங்க இருந்த காலத்தில ஒரு ஏர்சாஃப்ட் கிரவுண்டில மார்ஷலா, அதாவது விதியும் பாதுகாப்பும் பாக்கிற ஆளா நிண்டு காலையில வாற ஒவ்வொரு துப்பாக்கியையும் அளந்து பார்த்த ஆள், அதால முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாவே சொல்லலாம்.

எஃப்பிஎஸ் எண்டுறது குண்டு ஒரு செக்கனில எத்தனை அடி போகுது எண்ட வேகம் மட்டும்தான். இங்கிலாந்துச் சட்டம் வேகத்தைப் பார்க்கிறதில்ல, குண்டு குழல் வாயால வெளிய வரேக்க அதில இருக்கிற சக்தியை ஜூலில பார்க்குது. 2017ல வந்த பொலிசிங் அண்ட் கிரைம் அக்ட் மூலமா 1968ம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்துக்குள்ள 57ஏ எண்டு ஒரு பிரிவு சேர்த்தவை. 8 மில்லிமீற்றருக்கு மேற்படாத சின்னப் பிளாஸ்டிக் குண்டு மட்டும் சுடுறதுக்கெண்டு செய்ததா இருக்கோணும், ஆட்டோவில (விசையை அமத்திப் பிடிச்சா தொடர்ந்து) சுடக்கூடியது எண்டா 1.3 ஜூலுக்கு மேல போகக் கூடாது, ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு மட்டும் போறது எண்டா 2.5 ஜூல் வரைக்கும் விடும். இதுக்குள்ள நிண்டா அது சட்டத்தின்ர கண்ணில சுடுகலன் இல்ல.

இப்ப கணக்குக்கு வருவம். குண்டின்ர எடையில பாதியை வேகத்தின்ர வர்க்கத்தால பெருக்கினா சக்தி வரும், ஓ லெவல் சயன்ஸில படிச்சதுதான். 0.20 கிராம் குண்டு 350 எஃப்பிஎஸ்ல போனா 1.14 ஜூல், அது எல்லைக்குள்ள. அதே 0.20 கிராமுக்கு 1.3 ஜூல் எண்டுறது கிட்டத்தட்ட 374 எஃப்பிஎஸ். ஆனா 0.30 கிராம் குண்டு போட்டு மெஷின் 330 எஃப்பிஎஸ் காட்டினா அது 1.5 ஜூலைத் தாண்டிட்டு! நம்பர் குறைவு, சக்தி கூட. 0.30 கிராமுக்கு எல்லை ஏறத்தாழ 305 எஃப்பிஎஸ்தான். அதால வித்தவர் சொன்னதும் ரூம்காரப் பெடியன் சொன்னதும் ரெண்டும் பாதிக் கதை, குண்டு எத்தனை கிராம் எண்டு சொல்லாம எஃப்பிஎஸ் சொல்லுறது கிலோவுக்கா நூறு கிராமுக்கா எண்டு சொல்லாம விலை சொல்லுற மாதிரி.

350 எண்ட நம்பர் எங்கால வந்தது எண்டா, அங்க கனக்க கிரவுண்டுகள் தங்கட சொந்த விதியா 0.20 கிராமுக்கு 350 எண்டு வச்சிருக்கு, சட்ட எல்லைக்குக் கொஞ்சம் கீழ. போல்ட் ஆக்‌ஷன் ஸ்னைப்பருக்கு (ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுத்துச் சுடுறது) 500 விடுவினம், அது 2.3 ஜூல் வரும். கிரவுண்ட் விதியை மீறினா அண்டைக்கு விளையாட விடமாட்டினம், அவ்வளவுதான். சட்ட எல்லையை மீறினா விஷயமே வேற. ஆட்டோவில சுடக்கூடிய ஒண்டு 1.3ஐத் தாண்டினா அது விளையாட்டுச் சாமான் எண்ட விலக்கை இழந்து அதே 1968ம் ஆண்டுச் சட்டத்தின்ர 5ம் பிரிவில வாற தடைசெய்த ஆயுதமா மாறும், அதை வச்சிருந்ததுக்குக் குறைஞ்சபட்சத் தண்டனையே 5 வருஷம், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாத்தான் நீதிமன்றம் குறைக்கும். படிக்கப் போன பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

இதில பெடியள் வழுக்கி விழுற இடம் ஒண்டு இருக்கு. "நான் ஆட்டோவில போடுறதில்ல, சிங்கிளில மட்டும்தான் சுடுறனான், அப்ப எனக்கு 2.5தானே" எண்டு கேப்பினம். இல்ல. நீங்க போடுறீங்களோ இல்லையோ, அந்தத் துப்பாக்கியால ஆட்டோவில சுட ஏலுமா எண்டதைத்தான் சட்டம் கேக்குது. மகன்ர எம்4ல செலக்டர் ஸ்விச் ஆட்டோவுக்குத் திரும்பினா அதுக்கு எல்லை 1.3தான், ஸ்பிரிங்கை மாத்தி பவர் கூட்டுற யோசனை ஏதும் இருந்தா அதை இண்டையோட விடச் சொல்லுங்க. செகண்ட் ஹாண்ட் எண்டபடியா முதல் வச்சிருந்தவர் உள்ள என்ன மாத்தினவர் எண்டு ஆருக்கும் தெரியாது, அதால அளக்காம ஒரு நாள் கூட வச்சிருக்கக் கூடாது எண்டுதான் நான் சொல்லுவன். கிரவுண்டிலயோ ஏர்சாஃப்ட் கடையிலயோ குரோனோ எண்ட மெஷின் இருக்கும், குழலை அதுக்கு நேர பிடிச்சு ஒரு அஞ்சு பத்து குண்டு சுட்டா வேகம் வரும். மெஷினில குண்டின்ர எடையைச் சரியாப் போட்டா ஜூலையும் அதுவே காட்டும். விளையாடேக்க எந்த எடைக் குண்டு போடுறாரோ அதாலயும் அளக்கோணும், ஏனெண்டா காஸில ஓடுறதுகளில பாரமான குண்டு குழலுக்குள்ள கூட நேரம் நிக்கும், காஸ் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அப்ப 0.20ல 1.14 காட்டினது 0.30ல அதை விடக் கூடக் காட்டும். இதை ஜூல் கிரீப் எண்டுவினம். பற்றரியில ஓடுற எம்4 எண்டா இது குறைவு, ஆனாலும் பாருங்க. காஸ் துப்பாக்கிக்கு வெயிலும் ஒரு காரணம், கிரீன் காஸ் எண்டு விக்கிறது பெரும்பாலும் புரொப்பேன், சூடு ஏற ஏற அமுக்கமும் ஏறும், ஜனவரிக் குளிரில பாஸானது ஜூலையில பெயிலாகிறதை நானே கண்டிருக்கிறன்.

பெல்ஃபாஸ்ட் பக்கம் கூட்டாளிமாரோட போற யோசனை இருந்தா கொண்டு போக வேண்டாம், வட அயர்லாந்தில எல்லை 1 ஜூல். ஜப்பானிலயும் 6 மில்லிமீற்றர் குண்டுக்கு 0.98 ஜூல்தான், தென்கொரியாவில 0.2. ஒரு நாட்டு லீகல் பக்கத்து நாட்டில செல்லாது, இதுதான் டிசம்பர் கேள்விக்கும் அடி.

கட்டுநாயக்கவில எக்ஸ்ரே பாக்கிற ஆளுக்கு 1.14 ஜூல் தெரியாது, தெரியிறது ஒரு எம்4தான். 1.3 எண்டுறது இங்கிலாந்துச் சட்டத்தில எழுதின விலக்கு, இங்க இருக்கிறது 1916ம் ஆண்டு 33ம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், சுடுகலன் இறக்குமதிக்குப் பாதுகாப்பு அமைச்சின்ர அனுமதி வேணும். "அம்மா, இது டோய்" எண்டு மகன் சொல்லுவார், புறக்கோட்டையில விக்கிற மஞ்சள் குண்டுத் துப்பாக்கி மாதிரித்தானே எண்டும் சொல்லுவார், ஆனா நிஜத் துப்பாக்கியின்ர அச்சில செய்த இரும்புச் சாமானை சூட்கேசுக்குள்ள வச்சுக்கொண்டு ஒரு தமிழ்ப் பெடியன் கஸ்டம்ஸில நிண்டு விளக்கம் சொல்லுறதை என்னால நினைச்சுப் பாக்க ஏலாது. செக்பொயின்டில ஐடென்டிட்டி காட்டிக் காட்டி வளர்ந்த ஆக்கள் நாங்க, அந்த நிலையில பிள்ளையை விட வேண்டாம் அக்கா. எப்பிடியோ வந்திட்டாலும் திருப்பிக் கொண்டு போறதும் சுகமில்ல, நிஜம் மாதிரி இருக்கிற போலித் துப்பாக்கியைப் பிரிட்டனுக்குள்ள கொண்டு வாறது 2006ம் ஆண்டுச் சட்டத்தில குற்றம், ஏர்சாஃப்ட் விளையாடுற ஆள் எண்டு காட்டினாத்தான் தப்பலாம். அதுக்கு அங்க யூகேஏஆர்ஏ பதிவு எண்டு ஒண்டு இருக்கு, குறைஞ்சது 56 நாளுக்குப் பரவலா மூண்டு தரம் கிரவுண்டில விளையாடியிருந்தா எடுக்கலாம். லீவு வரேக்க துப்பாக்கியைப் பையில போட்டு, பற்றரி மகசின் கழட்டி, அங்கயே நம்பிக்கையான ஆளின்ர வீட்டில வச்சிட்டு வரட்டும். தம்பிக்குக் காட்ட வீடியோ போதும்.

ஒண்டு கூடக் கேளுங்க, கண்ணாடி. மகன் என்ன கண்ணாடி போடுறார் எண்டு பாருங்க. அதில ஈஎன்166 (கண் பாதுகாப்புத் தரத்தின்ர நம்பர்) எண்டும் பக்கத்தில ஒரு எழுத்தும் இருக்கும். எஃப் எழுத்து எண்டா 0.86 கிராம் இரும்புக் குண்டை செக்கனுக்கு 45 மீற்றரில தாங்கினது, அது 0.87 ஜூல்தான், மகன்ர துப்பாக்கி அதை விடக் கூட. பி எழுத்து எண்டா 120 மீற்றர், 6 ஜூலுக்கு மேல. பி போட்டதை வாங்கச் சொல்லுங்க, வேலைத்தளத்துக்கு விக்கிற மலிவுக் கண்ணாடியில கனக்க எஃப்தான் இருக்கும்.

இந்த ஞாயிறு விளையாடப் போகேக்க குரோனோ திரையையும் குண்டுப் பக்கெற்றில எழுதியிருக்கிற கிராமையும் ஒரே படத்தில எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க, 1.3க்குக் கீழ இருந்தா அந்தப் பிரச்சினை முடிஞ்சுது. மேல இருந்தா வீட்டுக்குக் கொண்டு போகாம அங்கயே மார்ஷலிட்டச் சொல்லி, கிரவுண்ட்காரரிட்டயே குடுத்துக் குறைச்சு எடுக்கட்டும்.