முப்பது லட்சத்துக்கு முன்னால் ஒரு நாள் சாணி அள்ளட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா தக்காளி விவசாயி. அம்மா, மகள், கூடவே தாய்மாமன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். நீட் ஒருமுறை எழுதினாள், இடம் கிடைக்கவில்லை. மாமா தெளிவாக இருந்தார்: வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., ஏஜென்ட் சொன்ன தொகை முப்பது லட்சம், அடமானம் வைக்க இரண்டு ஏக்கர் இருக்கிறது. எந்த நாடு நல்லது என்பதைத்தான் என்னிடம் கேட்க வந்திருந்தார்கள்.

அம்மாவின் கவலை வேறு. "இவளுக்கு என்ன பிடிக்கும்னே தெரியலை சார். போன வருஷம் ஒகேனக்கல் போனோம். எல்லாரும் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, மீன் சாப்பிட்டுட்டு இருக்கோம், இவளைக் காணோம். தேடிப் போனா முதலைப் பண்ணைக் கம்பி ஓரமா நிக்கிறா. ரெண்டு மணி நேரம்!"

"என்னம்மா பார்த்தே அங்க?" என்றேன்.

"முதலையை இல்லை சார். உள்ள வேலை செய்யறவரைப் பார்த்தேன். தொட்டியைக் கழுவறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, எண்ணிட்டு, அப்புறம்தான் இறங்கினார்."

பிடித்தது தெரியவில்லையாம்! அம்மா, இதற்குமேல் ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

முதலில் அந்த முப்பது லட்சம். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், மாமாவுக்குக் கோபம் வந்தாலும் சரி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் இங்கே மருத்துவம் பார்க்கத் தனியாக ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். எழுதுபவர்களில் பெரும்பகுதியினர் அதில் தேறுவதில்லை. தேறாத வருடங்களுக்கும் வட்டி ஓடும். தக்காளி விலை ஒரு வருடம் காலை வாரினால் அந்த நிலத்தை யார் மீட்பது? ஏஜென்ட்டா, மாமாவா?

கால்நடை மருத்துவம் என்றதும் மாமா முகம் கொஞ்சம் தெளிந்தது. மாநில ஒதுக்கீட்டு இடத்துக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இதில் உண்டு. நாமக்கல், தலைவாசல் கல்லூரிகள் நமக்குப் பக்கம். விண்ணப்பம் போடுங்கள், கிடைத்தால் சந்தோஷம். இதை யாரும் சொல்லிவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது உயிரியல் பூங்காவின் பின்பக்கத்தைப் பற்றி. அங்கே விலங்குகளைப் பராமரிப்பவரைக் கீப்பர் என்பார்கள். லண்டன் மாதிரி ஊர்களில் 'ஒரு நாள் கீப்பர்' என்று காசு கட்டிப் போகிறார்கள், பிறந்தநாள் பரிசாகக்கூட வாங்கிக் கொடுக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அதுவே ஒரு தேர்வு. நீட்டை விடச் சீக்கிரம் ரிசல்ட் தெரிந்துவிடும்.

கீப்பரின் காலை தலை எண்ணுவதில் தொடங்கும். நேற்று வைத்த தீனி மிச்சமிருக்கிறதா, சாணம் இளகியிருக்கிறதா, கூப்பிட்டதும் எழுந்து வருகிறதா, காலை ஊன்றி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். காட்டு விலங்கு நோயை வெளியே காட்டிக்கொள்ளாது. டாக்டருக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியவர் கீப்பர்தான். அப்புறம் விலங்கை உள்கூண்டுக்கு மாற்றி, இடைக்கதவை இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, இன்னொருவரையும் இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் திறந்தவெளியில் கால் வைக்க வேண்டும். நேற்று பூட்டியதாக ஞாபகம் என்பதெல்லாம் புலியிடம் செல்லாது.

பிறகு கழுவுகிற வேலை. வாடை துணியில் ஏறிக்கொள்ளும். ஒரு வேடிக்கை: புலி தன் எல்லையைக் குறிக்கத் தெளிக்கும் நீரில், பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே பொருள் இருக்கிறது. பிரியாணி ஞாபகம் வரும் என்று நம்பிப் போகாதீர்கள், மற்ற வாடை எல்லாம் சேர்ந்துதான் வரும்.

சமையலறையில் எல்லாமே தராசில்தான். பூசணி, கேரட், கீரை, இறைச்சி என்று ஒவ்வொன்றும் அளந்து, ஒவ்வொரு கூண்டுக்கும் தனிப் பாத்திரத்தில் போகும். சிங்கம், புலிக்குப் பல பூங்காக்களில் வாரத்தில் ஒருநாள் பட்டினி, வயிற்றுக்கு ஓய்வு. கரடிக்கு நம் ஊர்க் கேழ்வரகுதான், கஞ்சியாகவோ உருண்டையாகவோ. கட்டையில் துளை போட்டுத் தேன் தடவி வைப்பார்கள், அது நாள் முழுக்க நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும். சும்மா கிடக்கும் விலங்கு ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்க ஆரம்பித்துவிடும். அதற்கு வேலை கொடுப்பதும் கீப்பர் வேலை.

கொஞ்சுவதற்கு இடமே இல்லை. 2021-ல் வண்டலூரில் சிங்கங்களுக்கே கொரோனா வந்தது. மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போவதும், கை கழுவுவதும் விலங்கைக் காப்பாற்றத்தான். செவ்வாய்க்கிழமை வண்டலூரில் பார்வையாளருக்கு விடுமுறை, ஆனால் பசிக்குச் செவ்வாய் தெரியாது.

இதெல்லாம் பார்த்துவிட்டு உங்கள் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தால் நல்லது, ஒரு பஸ் டிக்கெட்டோடு முடிந்தது. வாயெல்லாம் பல்லாக வந்தால் அவளை அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்த்துவிடுங்கள். கல்விக் கட்டணம் உங்களைக் கடனாளி ஆக்காது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். முதுகலைக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. அதற்குப் பிறகு பெரிய பூங்காக்களில் உயிரியலாளர், கல்வி அலுவலர், விலங்குகளுக்குப் பொறுப்பான கியூரேட்டர், இல்லையென்றால் ஆராய்ச்சித் திட்டங்கள். இடங்கள் குறைவு, ஆரம்பச் சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இருபத்து மூன்று வயதில் நிலம் உங்கள் பெயரில் இருக்கும், பி.எட். படித்து ஆசிரியராகிற வழியும் திறந்திருக்கும்.

"கல்யாணத்துக்குக் கேட்டா கூண்டு கழுவறான்னா சொல்றது?" என்றார் மாமா. கல்யாணம் பேசும்போது பேசிக்கொள்ளலாம் என்றேன். அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

எப்படிப் போவது? தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு பூங்கா இயக்குநருக்கு ஒரு கடிதம். ஓசூர் வழியாகப் போனால் உங்களுக்குப் பெங்களூரு பக்கத்துப் பன்னார்கட்டா பூங்காதான் கிட்டம், ராயக்கோட்டைக்காரர்களுக்குக் கன்னடம் ஒன்றும் புதிதில்லை. சேலம் குரும்பப்பட்டி பூங்காவுக்கும் ஒன்று எழுதுங்கள். பதினேழு வயதுப் பெண்ணைப் புலிக்கூண்டுப் பக்கம் விடமாட்டார்கள். சமையலறையும் மான் கொட்டகையும் போதும். பதில் வராவிட்டால் இன்னொரு கடிதம் எழுதுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் வந்தால் அன்றைக்கே அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள்.

பழைய சுடிதார், மூடிய செருப்பு, தண்ணீர் பாட்டில் போதும். அப்பா, நீங்கள் கூடப் போங்கள், டிக்கெட் எடுத்து வெளிப்பக்கம் சுற்றிப் பாருங்கள். சாயங்காலம் அவளாக வெளியே வரும்வரை போன் மட்டும் செய்யாதீர்கள்.