லீன் பதிந்தாயிற்று, காசு எப்போது வரும்?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி லீன் (செய்த வேலைக்குக் காசு வராதபோது அந்த வீட்டின்மேல் பதியும் உரிமைக் கோரிக்கை) பற்றியவை. எல்லாம் கனடாவின் ஒன்ராறியோ மாகாண வேலைகள்தான், அதனால் கீழே சட்டம், பிரிவு என்பதெல்லாம் ஒன்ராறியோ கட்டுமானச் சட்டம்.

மார்க்கம் நகரில் பேஸ்மென்ட் செய்து கொடுத்தேன், 40 ஆயிரம் பாக்கி. லீன் பதிந்து மூன்று மாதமாகிறது, ஓனர் அசையவில்லை. காத்திருக்கலாமா?

கடைசியாக வேலை செய்த தேதியை எழுதாமல் லீன் கேள்வி அனுப்பாதீர்கள் என்று எத்தனை தரம் சொல்வது? வேலை முடிந்து 60 நாளுக்குள் பதிவு, அது முடிந்து இன்னொரு 90 நாளுக்குள் வழக்கு, கூடவே வழக்குப் போட்டதற்கான சான்றிதழையும் டைட்டிலில் (வீட்டின் உரிமைப் பதிவில்) ஏற்ற வேண்டும். மொத்தம் ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிந்ததோடு ஓனர் பயந்து காசு தருவார் என்று உட்கார்ந்திருந்தால் லீன் தானாகவே செத்துப்போகும். நாளைக்கே சட்டத்தரணியிடம் போங்கள்.

60 நாள் தாண்டிவிட்டது. போய் ஒரு குழாயைத் திருத்திக் கொடுத்துவிட்டு அந்தத் தேதியைப் போடலாமா?

கூடாது. மிச்ச வேலையின் பெறுமதி ஒப்பந்தத் தொகையில் 1 சதவீதம் அல்லது 5,000 டாலர், இதில் எது குறைவோ அதைத் தாண்டாவிட்டால் ஒப்பந்தம் அப்போதே முடிந்ததாகத்தான் கணக்கு.

வட்டி, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து இரட்டிப்பாகப் பதியலாமா?

வட்டிக்கு லீன் கிடையாது, உளைச்சலுக்கும் கிடையாது. வேண்டுமென்றே ஊதிப் பெருக்கினால் 35ஆம் பிரிவில் நீங்கள்தான் நட்டஈடு கட்ட வேண்டி வரும்.

ஓனர் நல்ல மனிதர், நம்ம ஊர்க்காரர். லீன் இருப்பதால் ரீஃபைனான்ஸ் (வீட்டின்மேல் புதுக் கடன் எடுப்பது) நிற்கிறதாம், எடுத்துவிட்டால் காசு வந்ததும் தருகிறாராம். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் இதே கடிதம் வருகிறது, ஓனரின் பெயர் மட்டும்தான் மாறுகிறது. லீனை ஒருமுறை நீக்கினால் அதே லீனை மறுபடி உயிர்ப்பிக்க முடியாது, சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அதற்குப் பிறகு கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். ரீஃபைனான்ஸ் நிற்கிறது என்றால் லீன் வேலை செய்கிறது என்று அர்த்தம், அந்த நேரம் பார்த்தா கையை விடுவது? வீட்டை விற்கப் போனாலும் இதே கதைதான், வாங்குகிறவரின் சட்டத்தரணி லீனோடு குளோசிங் (வீட்டைக் கைமாற்றி முடிப்பது) செய்ய விடமாட்டார். அவருக்கு உண்மையிலேயே தர மனமிருந்தால் வழி இருக்கிறது: புதுக் கடன் வரும் அன்றே உங்கள் தொகையை அவருடைய சட்டத்தரணி நேராகக் கட்டிவிட எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும், அந்த உறுதியின்மேல்தான் உங்கள் சட்டத்தரணி நீக்கப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். அதுவும் சரிவராதென்றால் லீன் தொகையோடு 25 சதவீதம் கூட்டி (கூட்டுவதற்கு உச்சம் 2,50,000 டாலர்) அவர் நீதிமன்றத்தில் பிணை வைக்கட்டும். காணியிலிருந்து லீன் போய்விடும், உங்கள் கோரிக்கை அந்தப் பிணையின்மேல் நிற்கும். சொல்லப்போனால் உங்களுக்கு அதுதான் நல்லது. வாட்ஸ்அப்பில் 'அண்ணை, கட்டாயம் தருவன்' என்று வந்தது பிணை இல்லை. செக் கையில் வந்தாலும் பாஸாகும்வரை பொறுங்கள்.

நான் டைல்ஸ் போடும் சப் (துணை ஒப்பந்தக்காரர்). எனக்கு வேலை தந்த ஜெனரல் (முதன்மை ஒப்பந்தக்காரர்) காசு தரவில்லை, ஓனர் முழுவதும் கொடுத்துவிட்டேன் என்கிறார்.

லீன் காலம் முடியும்வரை 10 சதவீதம் ஹோல்ட்பேக்காகப் பிடித்து வைத்திருக்க வேண்டியது ஓனரின் கடமை, கொடுத்துவிட்டேன் என்றால் அந்த அளவுக்கு அவரே பொறுப்பு. 39ஆம் பிரிவில் கடிதம் எழுதிக் கணக்குக் கேளுங்கள், 21 நாளுக்குள் தர வேண்டும். ஜெனரல் கைக்கு வந்த காசு டிரஸ்ட் காசு, அதாவது சப்களுக்காக அவர் பொறுப்பில் வைத்திருக்கும் காசு. சப்களுக்குக் கொடுக்காமல் வேறெதற்கும் திருப்பியிருந்தால், அதற்குத் துணைபோன கம்பெனி டைரக்டர் சொந்தப் பொறுப்பில் மாட்டுவார். இதற்கு 60 நாள் கெடுவும் இல்லை.

வழக்குப் போட்டாயிற்று. இனி நிம்மதிதானே?

இல்லை. வழக்குப் போட்டு இரண்டு வருடத்துக்குள் அதை விசாரணைக்குப் பட்டியலிடாவிட்டால் லீன் காலாவதி. அப்புறம், வீட்டின்மேல் எத்தனை மோர்ட்கேஜ் (அடமானக் கடன்) இருக்கிறது என்று டைட்டிலை எடுத்துப் பாருங்கள். லீனுக்கு முன்பே கொடுத்த கடன் பெரும்பாலும் உங்களுக்கு முன்னால்தான் நிற்கும்.