எட்டு லட்சம் கொடுத்து சீட் வாங்க வேண்டாம்

தருமபுரிப் பக்கத்திலிருந்து ஓர் அங்கன்வாடிப் பணியாளர் எழுதியிருக்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார். மகள் அரசுப் பள்ளியில் கணக்குப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமன், கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு எதையும் காதில் வாங்க மாட்டேன் என்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டும் பேசி, அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம். மகளோ புள்ளியியலும் சமூகவியலும் படித்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். “அப்படி ஒரு பிழைப்பு இருக்கிறதா சார்? பயமாக இருக்கிறது” என்று கேட்கிறார்.

உங்கள் பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் பயப்பட வேண்டியது அந்த எட்டு லட்சத்தைப் பார்த்து. நகையை அடகு வைத்துத்தான் பாதிப் பணம் புரட்ட முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல்லூரியில் போன வருடம் எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று உங்கள் அண்ணனை விசாரித்து எழுதி வாங்கச் சொல்லுங்கள். அது கைக்கு வரும் வரை ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு கட்டாதீர்கள். பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்குக் கடன் வாங்குவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் சரி என்று சொன்னதில்லை.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மையத்தில் குழந்தைகளின் எடைப் பதிவேட்டை எழுத மகள் உதவுவாள் என்றும், ஒருநாள் “மையத்துக்கே வராத பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லையே அம்மா?” என்று கேட்டாள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது சாதாரணக் கேள்வி இல்லை. யாரை எண்ணினோம், யாரை விட்டுவிட்டோம், விடுபட்டவர்கள் எந்தத் தெரு, எந்தச் சாதி, என்ன கூலி என்று கேட்பதுதான் இந்த இரண்டு துறைகளும் சேரும் இடம்.

இரண்டையும் ஒருவரே செய்ய முடியுமா என்றால், அமெரிக்காவில் லியோ குட்மேன் செய்து காட்டினார். சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் சமூகவியலும் சேர்த்துப் படித்தவர். 1950-ல் பிரின்ஸ்டனில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல், புள்ளியியல் இரண்டு துறைகளிலும் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தார். பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்பா என்ன தொழில், மகன் என்ன தொழில் என்பது போன்ற பதில்களைக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது, அட்டவணையாகத்தான் போட முடியும். அந்த அட்டவணைகளை அலசும் முறைகளில் பெரும் பங்கு அவருடையது.

இங்கே உங்கள் மகளுக்கு நான் காட்டும் வழி பி.எஸ்சி. புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் லயோலாவிலும்கூட இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

அப்புறம் மும்பை தேவ்னாரில் இருக்கும் ஐஐபிஎஸ். சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் என்பது முழுப் பெயர். 1956-ல் தொடங்கியது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நம் ஊரில் பெற்றோர் யாரும் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு ஆகியவற்றைக் கணிதத்தோடும் சமூகத்தோடும் சேர்த்துச் சொல்லித் தரும் முதுநிலைப் படிப்புகளும் பிஎச்.டி.யும் அங்கே உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்துவதும் அவர்கள்தான். 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் சுமார் 6.37 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். ஒரு கிராமம் தேர்வானால் முதலில் வீடுகளையெல்லாம் பட்டியல் எடுப்பார்கள். பிறகு அதிலிருந்து குலுக்கல் முறையில் 22 வீடுகள். அந்த வீட்டுக் குழந்தை அங்கன்வாடிக்கு வருகிறதோ இல்லையோ, எடையும் உயரமும் அளந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று செய்தித்தாளில் வந்தது இந்த ஆய்விலிருந்துதான். உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு அங்கே ஒரு நிறுவனமே வேலை செய்கிறது.

சமூகவியலை விட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-லேயே அனுமதித்துவிட்டது. இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் கைக்கு வந்த பிறகு, தொலைநிலையில் சொல்லித் தரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.ஏ. சமூகவியல் சேரலாம். முதல் வருடமே இரண்டையும் தலையில் ஏற்ற வேண்டாம்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் ஆவது நீண்ட பாதை. பட்டம், முதுநிலை, பிஎச்.டி. என்று பத்து வருடம் ஓடிவிடும். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் வரும், வாங்காவிட்டால் ஆராய்ச்சிக் காலம் நெருக்கடிதான். ஒரு நுணுக்கம்: அந்த உதவித்தொகை நெட் என்ற தகுதித் தேர்வு எழுதித்தான் கிடைக்கும். யுஜிசி நெட் பாடப் பட்டியலில் புள்ளியியல் கிடையாது, அது அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட்டின் கணித அறிவியல் தேர்வில் அடங்கும். சமூகவியலும் மக்கள்தொகையியலும் யுஜிசி பட்டியலில் இருக்கின்றன. எதில் முதுநிலை என்பதை இதையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, கௌரவ விரிவுரையாளராகவே வயதானவர்கள் நிறைய. அதனால் பட்டம் முடித்ததும் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வையும் எழுதட்டும். 21 வயது ஆகியிருந்தால் பட்டப்படிப்பே போதும். தேர்வானால் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் இணையத்தில்தான். இந்த வாரமே போடுங்கள். புள்ளியியல் முதல் விருப்பம், கணிதம் இரண்டாவது. கட்டிய அட்வான்ஸுக்கு ரசீது இருக்கிறதா என்று அண்ணனிடம் கேளுங்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் விதி. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.