‘இலவச சிகிச்சைதானே’ என்றால் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் கொடுத்த ரெஃபரல் கடிதத்தோடு ஒரு தனியார் மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாளே காய்ச்சல். தையலிலிருந்து நீர் கசிந்தது. “சரியாகிவிடும்” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது சீழ் பிடித்து, வைத்த மூட்டையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு) கேட்டால், “உங்களுக்கு இலவசம்தானே, எதற்கு?” என்கிறார்கள். இம்ப்ளான்ட்டுக்கென்று (உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு) 40,000 ரூபாய் ரசீது இல்லாமல் வாங்கினார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். அப்பாவுக்காக அந்த மருத்துவமனைக்கு இ.சி.எச்.எஸ். பணம் கட்டுகிறது. நோயாளிக்காக வேறொருவர் கட்டினாலும் அவர் நுகர்வோர்தான் என்று 1995-லேயே வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராணுவ மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல. 2002-ல் சாம்பா ராணுவ மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றிய விமானப்படை வீரரின் மனுவை தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளுபடி செய்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு சுமார் 1.54 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது.

ஆனால் தொற்று வந்தது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. நல்ல தியேட்டரிலும் நூற்றில் ஒருவர், இருவருக்கு வரும். தொற்றை எப்போது கவனித்தார்கள், என்ன செய்தார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. நர்ஸ் சார்ட்டில் மூன்றாம் நாள் காய்ச்சல் எழுதியிருந்து, கசிந்த நீரை கல்ச்சருக்கு (என்ன கிருமி என்று கண்டறியும் சோதனை) அனுப்பாமலே டிஸ்சார்ஜ் செய்திருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் வேலை கேஸ் ஷீட்தான். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஐ.பி. (உள்நோயாளி) எண், தேதியோடு அப்பா கையெழுத்திட்டு எழுதுங்கள். ஒப்புதல் படிவம், ஆபரேஷன் நோட், அனஸ்தீசியா சார்ட், நர்ஸ் சார்ட், லேப் ரிப்போர்ட், இம்ப்ளான்ட் பெட்டியிலிருந்து கிழித்து ஒட்டிய ஸ்டிக்கர் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான சீல் வாங்குங்கள்; மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கையில் வந்ததும் பக்கங்களை எண்ணி எழுதி வையுங்கள். பிற்பாடு தாள் மாறுவதுதான் இந்த வழக்குகளின் பெரிய தலைவலி. அதற்கு ஒரு மாற்று உண்டு: பணம் கேட்கும்போதே பில்லோடு டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருத்துவமனை இ.சி.எச்.எஸ்.ஸுக்கு அனுப்பியிருக்கும். 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இ.சி.எச்.எஸ். மண்டல மையத்திடம் அதைக் கேளுங்கள்.

அடுத்த ஆபரேஷனை வழக்குக்காகத் தள்ளிப்போடவே வேண்டாம். பாலிகிளினிக்கில் வேறு மருத்துவமனைக்கு ரெஃபரல் கேளுங்கள். அங்கே எடுக்கும் சீழை கல்ச்சர் செய்யச் சொல்லி ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். திறந்து பார்த்த டாக்டர் எழுதும் குறிப்பு மிக வலுவான சாட்சி.

அந்த 40,000 தனிக் குற்றச்சாட்டு. இ.சி.எச்.எஸ். அனுமதிக்கும் அளவுக்கு மேல் விலையுள்ள இம்ப்ளான்ட்டை நீங்களே எழுதிக் கேட்டிருந்தாலொழிய வாங்கியிருக்கக் கூடாது. ஜிபே பதிவு, வங்கி ஸ்டேட்மென்ட் எது இருந்தாலும் இணைத்து, பாலிகிளினிக் பொறுப்பதிகாரிக்கு இன்றே புகார் கொடுங்கள்.

நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். மருத்துவமனை எங்கே இருந்தாலும் பரவாயில்லை. சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நஷ்டஈடு எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது இந்தக் கணக்கில் சேராது. மருத்துவமனை, டாக்டர் இருவரையுமே எதிர்மனுதாரர் ஆக்குங்கள். கெடு 2 ஆண்டு; பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்தாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டர் மீது நடவடிக்கை வரலாம், பணம் வராது.

கேள்வி: நானும் முன்னாள் படைவீரன், வியாசர்பாடி. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்ததில் தவறு நடந்தால்?

பதில்: எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடத்தில் நுகர்வோர் சட்டம் செல்லாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், அல்லது சிவில் வழக்கு. கேஸ் ஷீட்டைத் தகவல் உரிமைச் சட்டத்திலேயே நேரடியாகக் கேட்கலாம்.