நன்றாக ஓட்டுபவருக்கும் பிரீமியம் ஏன் ஏறுகிறது?

கேள்வி: 15 வருடமாக கார் ஓட்டுகிறேன், ஒரு கிளெய்ம்கூட இல்லை. இப்போது டர்போ இன்ஜின் வேரியண்ட்டுக்கு மாற நினைத்தால் பிரீமியம் நிறைய ஏறுகிறது. என் திறமைக்கு மதிப்பே கிடையாதா?

பதில்: உண்டு. கிளெய்ம் இல்லாத அந்த 15 வருடத்துக்குத்தான் அந்த மதிப்பு. ஸ்டியரிங்கை லாவகமாகத் திருப்பத் தெரிவதற்குத் தனியாகத் தள்ளுபடி எதிர்பார்க்காதீர்கள். விபத்து எத்தனை முறை நடக்கும், நடந்தால் எவ்வளவு செலவாகும் என்ற இரண்டையும் பெருக்கித்தான் பிரீமியம் போடுகிறார்கள். முன்னது பெரும்பாலும் ஓட்டுபவரைப் பொறுத்தது, பின்னது பெரும்பாலும் காரைப் பொறுத்தது.

கைத்திறனை ஏன் அவ்வளவாக நம்புவதில்லை? காய்ந்த சாலையில் ஒருவர் 50 கி.மீ. வேகத்தில் போகிறார். சுதாரிக்க ஒரு விநாடி, பிறகு முழு பிரேக். சுமார் 28 மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதே இடத்தில், அதே மாதிரி பிரேக் அடித்தாலும், 60-ல் வந்தவரின் கார் அந்த 28-வது மீட்டரைத் தாண்டும்போது இன்னும் ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்தில் இருக்கும். அந்த வித்தியாசத்தை எந்தக் கைத்திறனாலும் ஈடுகட்ட முடியாது. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக்கில் ஏபிஎஸ் (முழு பிரேக்கிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள டாக்சிகளையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏபிஎஸ் வண்டிகளுக்கு விபத்து குறையவில்லை. பிரேக்கை நம்பி ஓட்டுநர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டியிருந்தார்கள். டெலிமேட்டிக்ஸ் பாலிசிகள், அதாவது ஒருவர் ஓட்டும் விதத்தைக் கருவியோ ஆப்போ மூலம் பதிவுசெய்து பிரீமியம் போடும் பாலிசிகள், திடீர் பிரேக், வேகம், இரவுப் பயணம் ஆகியவற்றைக் கணக்கில் எடுப்பதும் இதனால்தான். நிதானமாக ஓட்டுபவர் என்றால் அந்தப் பாலிசியைக் கட்டாயம் விசாரியுங்கள்.

இனி கார். பல கார்களின் டாப் வேரியண்ட்டில் முன் பம்பருக்குள் ரேடார், முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. கண்ணாடி விரிசல் விட்டால் மாற்றுவதோடு முடியாது, கேமராவை மறுபடி கேலிபரேட் செய்ய, அதாவது சரியாகப் பார்க்கும்படி அளந்து சரிசெய்ய வேண்டும். எல்இடி ஹெட்லைட்டை வண்டியில் பொருத்தும் காது ஒன்று உடைந்தாலும் பல கார்களில் முழு அசெம்பிளியையே மாற்றச் சொல்வார்கள். அதனால் புக்கிங்குக்கு முன்பே சர்வீஸ் சென்டரில் பம்பர், ஹெட்லைட், கண்ணாடி மூன்றுக்கும் கூலியோடு விலை கேளுங்கள். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வேரியண்ட்டுக்கும் தனித்தனியாக பிரீமியம் கோட் வாங்குங்கள்.

சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடுமுன், இழக்கப்போகும் நோ கிளெய்ம் போனஸையும் (கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) ரிப்பேர் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: புது காரைத் தினமும் ஓட்டப்போவது உங்கள் மகனோ மகளோ என்றால், விண்ணப்பத்தில் முதன்மை ஓட்டுநர் யார் என்று கேட்கும் இடத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள். இன்ஜின் ரீமேப் (சக்தியைக் கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றுவது), அலாய் வீல் மாதிரி மாற்றங்களையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டது பிறகு தெரியவந்தால் கிளெய்மே நிராகரிக்கப்படலாம்.